சந்தா முடிந்தாலும் திறக்கும் கணக்கேடு

புனே நகரின் கட்கிப் பகுதியில் வசிக்கும் நம் வாடிக்கையாளர் ஒருவர், செப்டம்பர் மாதத்தின் முதல் வாரத்தில் காசோலைப் புத்தகம் பெறுவதற்காகக் கிளைக்கு வந்திருந்தார். படைக்கலத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழர் அவர். 48 வீடுகள் கொண்ட தம் குடியிருப்பின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்கு அவரே பொருளாளர். மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1960இன்படி, நிதியாண்டு முடிந்த ஆறு மாதங்களுக்குள், அதாவது செப்டம்பர் 30ஆம் நாளுக்குள், ஆண்டுப் பொதுக்குழு கூடியாக வேண்டும். தணிக்கை செய்த கணக்கை உறுப்பினர் முன் வைக்க வேண்டும். அவரிடம் கணக்கு இருந்தது. ஆனால் அதில் ஓர் எண்ணைக்கூட அவரால் திருத்த இயலவில்லை.

காரணம் எளியது. சங்கத்தின் கணினி வாங்கப்பட்டபோது அலுவலக மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தா உடன் வந்தது. அந்த ஓராண்டு ஆகஸ்டில் முடிந்துவிட்டது. பராமரிப்புக் கட்டணப் பதிவேடு திரையில் திறக்கிறது, அச்சிடவும் முடிகிறது, எழுத மட்டும் விடுவதில்லை. சந்தாவைப் புதுப்பிக்கலாம் என்றால் அச்செலவுக்கு நிர்வாகக் குழுவின் ஒப்புதல் வேண்டும். குழு கூடுவதற்கோ பத்து நாட்கள் ஆகும். தெருமுனையில் கணினி பழுது பார்ப்பவர் 300 ரூபாய்க்கு ‘கிராக்’ செய்த பிரதியை அரை மணி நேரத்தில் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார். அதனை ஏற்கலாமா என்பதே நம் கிளை மேலாளரிடம் அவர் கேட்ட கேள்வி.

அவர் பின்னர் எடுத்த முடிவைச் சற்றுக் கழித்துச் சொல்கிறோம். நம் வாடிக்கையாளர்களுள் சிறு கடை நடத்துவோர், பயிற்சி வகுப்பு நடத்துவோர், சங்கங்களின் கணக்கை ஊதியமின்றிப் பார்ப்போர் எனப் பலரும் இதே இடத்தில் நிற்கின்றனர் என்பதால் இந்தப் பொருளை விரிவாக எழுத எண்ணினோம்.

முதலில் அந்த 300 ரூபாய்ப் பிரதியைப் பற்றி. ஒரு வங்கியாக நமக்கு இதில் நேரடிக் கவலை உண்டு. பூட்டுடைத்த மென்பொருளை நிறுவுவதற்கு முன் ‘வைரஸ் தடுப்பை நிறுத்தி வையுங்கள்’ என்று ஒரு குறிப்பு பெரும்பாலும் வரும். வீட்டுக் காவலரைத் தூங்க வைத்துவிட்டு அயலாரை உள்ளே அழைப்பதற்கு இது ஒப்பு. பூட்டை உடைத்தவர் அதனுடன் வேறு என்ன வைத்து அனுப்பினார் என்பதை நாம் அறிய வழியில்லை. விசைப்பலகையில் நாம் தட்டுவதை எல்லாம் பதிவு செய்யும் நிரல்களும், இணைய உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களைத் திரட்டி அனுப்பும் நிரல்களும் இத்தகைய பிரதிகளோடு ஒட்டிக்கொண்டு வருவது உலகெங்கும் அறியப்பட்ட வழக்கம். அதே கணினியில்தான் பொருளாளர் சங்கத்தின் இணையவழி வங்கிக் கணக்கையும் திறக்கிறார்.

சட்டமும் இதில் கண்மூடி இருக்கவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என அறிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துவது குற்றம். குறைந்தது ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் கூறப்பட்டுள்ளன. ஆதாய நோக்கோ வணிகமோ இல்லாத இடத்தில் நீதிமன்றம் சிறைத் தண்டனையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம் என்ற சலுகையும் அதே பிரிவில் உண்டு. கடையின் கணக்கை எழுதுபவருக்கு அந்தச் சலுகை பொருந்துவது கடினம்.

ஆகவே மேலாளர் ‘வேண்டாம்’ என்றார். மூன்றாவது வழியைக் காட்டியவர் பொருளாளரின் அண்டை வீட்டில் வசிக்கும் கல்லூரி மாணவி. “காகா, லிப்ரே ஆபீஸ் போட்டுப் பாருங்கள், பணம் கட்ட வேண்டாம்” என்று அந்த மராத்திப் பெண் அன்று மாலையே அதனை நிறுவியும் கொடுத்தார். பதிவேடு திறந்தது. எண்களைத் திருத்த முடிந்தது. 48 வீடுகளின் பெயரும் நிலுவையும் இருந்த இடத்தில் இருந்தன. எல்லாமே சரியாக வந்துவிட்டனவா என்றால், இல்லை. இரண்டு இடங்களில் இடறியது. அவற்றுக்கும் வருவோம்.

லிப்ரே ஆபீஸ் என்பது கடிதம் எழுத ரைட்டர், கணக்கு எழுத கால்க், படவில்லைக் காட்சிக்கு இம்ப்ரெஸ், வரைபடத்துக்கு டிரா, தரவுத்தளத்துக்கு பேஸ் ஆகியவற்றை ஒருங்கே கொண்ட அலுவலக மென்பொருள் தொகுப்பு. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும். வீட்டில் பயன்படுத்தினாலும் வணிகத்தில் பயன்படுத்தினாலும் உரிமக் கட்டணம் கிடையாது. ஒரு கணினியா, ஐம்பது கணினியா என்ற கணக்கும் இல்லை. இதைத் தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று அழைக்கின்றனர். நல்ல சொல்லாட்சி. ‘இலவசம்’ என்று சொன்னால் விலையோடு பொருள் முடிந்துவிடும். ‘கட்டற்ற’ என்றால் கட்டணமும் இல்லை, கட்டும் இல்லை என இரண்டும் காதில் விழுகின்றன. நிரலின் மூலம் எவரும் படிக்கத்தக்க வகையில் வெளியிடப்பட்டிருக்கும். திருத்தலாம், பிறருக்கு நகலெடுத்துத் தரலாம் என்பதே அதன் உரிமத்தின் சாரம்.

பணம் வாங்காமல் எவர் இதனைச் செய்கிறார், ஏன் செய்கிறார் என்ற ஐயம் வணிகம் தெரிந்த வாடிக்கையாளருக்கு எழவே செய்யும். எழ வேண்டும். இதன் வரலாறு ஓரளவு விடை தருகிறது. ஜெர்மனியின் லூனபர்க் நகரில் மார்கோ போரிஸ் என்ற இளைஞர் 1985இல் எழுதிய ஸ்டார் ரைட்டர் என்ற நிரலே இதன் வித்து. அது வளர்ந்து ஸ்டார் ஆபீஸ் ஆயிற்று. 1999இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதனை விலைக்கு வாங்கியது. அந்நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் பிற்காலத்தில் சொன்ன காரணம் சுவையானது: தங்கள் ஊழியர் ஏறத்தாழ 42,000 பேருக்கும் வேறொரு நிறுவனத்தின் அலுவலக மென்பொருளுக்கு உரிமம் வாங்குவதைவிட, அலுவலக மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தையே வாங்கிவிடுவது மலிவாக இருந்ததாம். 2000ஆம் ஆண்டில் சன் அதன் மூல நிரலை உலகுக்குத் திறந்துவிட்டது. ஓப்பன் ஆபீஸ் பிறந்தது.

2010இல் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்கு மாறியது. புதிய உரிமையாளரின் எண்ணம் என்னவோ என்று அஞ்சிய நிரலாளர்கள் அவ்வாண்டு செப்டம்பர் 28ஆம் நாள் தனியே ஓர் அறக்கட்டளையை அறிவித்து, அதே நிரலை லிப்ரே ஆபீஸ் என்ற பெயரில் தொடர்ந்தனர். டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அந்த அமைப்பு பெர்லினில் பதிவாகியுள்ளது. இங்கே கவனிக்க வேண்டியது, உரிமையாளர் மாறியபோதும் பயனாளர் தெருவில் நிற்கவில்லை என்பது. மூல நிரல் ஏற்கெனவே பொதுவில் இருந்ததால் எவரிடமும் அனுமதி கேட்காமல் பணி தொடர முடிந்தது. இன்று தன்னார்வலர்களோடு, இதனைப் பெரிய அலுவலகங்களுக்கு அமைத்துக் கொடுத்துப் பராமரிப்புக் கட்டணம் பெறும் நிறுவனங்களும் நிரலாளர்களை ஊதியத்துக்கு அமர்த்தி எழுதச் செய்கின்றன. மென்பொருளுக்கு விலையில்லை; அதனைச் சார்ந்த உழைப்புக்கு விலையுண்டு. பழைய ஓப்பன் ஆபீஸ் இன்றும் அப்பாச்சி என்ற அமைப்பின்கீழ்க் கிடைக்கிறது. ஆயினும் அதில் புதுப்பிப்புகள் அரிதாகிவிட்டன. புதிதாகத் தொடங்குவோர் லிப்ரே ஆபீஸையே தேர்வது நன்று.

பணம் மிச்சமாவது கண்ணுக்குத் தெரியும் பயன். பொருளாளரின் கதையில் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. பதிவேட்டை எழுதியவர் அவர். எண்கள் சங்கத்தின் எண்கள். அப்படியிருக்க அதில் எழுதும் உரிமை வேறொருவரின் சந்தா நாட்காட்டியைச் சார்ந்திருப்பது எப்படி? காகிதப் பேரேட்டுக்கு இப்படி நேர்வதில்லை. பேரேட்டை விற்ற கடை மூடப்பட்டாலும் பேரேடு மூடிக்கொள்வதில்லை.

இதற்கு விடையாக வந்ததே திறந்த ஆவண வடிவம். லிப்ரே ஆபீஸ் இயல்பாகச் சேமிக்கும் ஓ.டி.டி., ஓ.டி.எஸ். ஆகிய கோப்பு வகைகள் இந்த வடிவைச் சேர்ந்தவை. ஒரு கோப்பினுள் எந்தச் செய்தி எங்கே எவ்வாறு எழுதப்பட்டிருக்கும் என்ற முழு விளக்கமும் அச்சில் உள்ளது. 2006இல் அது பன்னாட்டுத் தர நிறுவனத்தின் 26300 என்ற எண்ணுள்ள தரமாக ஏற்கப்பட்டது. ஆர்வமுள்ளவர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஓ.டி.டி. கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, அதன் பெயரின் கடைசி மூன்று எழுத்துகளை ‘ஜிப்’ என மாற்றித் திறந்தால், உள்ளே சில சிறு கோப்புகள் தென்படும். அவற்றுள் ‘கன்டென்ட்’ என்ற பெயருள்ள கோப்பில் நாம் எழுதிய கடிதம், குறியீடுகளுக்கு நடுவே, கண்ணால் படிக்கும் நிலையில் இருக்கும். ஐம்பது ஆண்டு கழித்து லிப்ரே ஆபீஸே இல்லாமற் போனாலும் ஒரு நிரலாளர் அதனை மீட்டெடுப்பார். நம் அரசும் 2010ஆம் ஆண்டு நவம்பரில் மின்னாளுகைக்கான திறந்த தரங்களின் கொள்கையை வெளியிட்டது. 2015இல் அரசுத் துறைகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையையும் அறிவித்தது.

மூடிய வடிவம் என்ன செய்யும் என்பதைத் தமிழருக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு தமிழ் எழுத்துருவையும் தனக்கென ஒரு குறியாக்கத்தையும் வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் தட்டிய திருமண அழைப்பிதழ் அடுத்த கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். எழுத்துரு கிடைக்காவிட்டால் ஆவணமும் இல்லை. அக்காலத்தில் தட்டெழுதிய எத்தனையோ குடும்ப வரலாறுகளும் கோயில் மலர்களும் இன்று திறக்க முடியாத குறுந்தகடுகளில் கிடக்கின்றன. பொருளாளர் இடறிய முதல் இடமும் இதுவே. சங்கத்தின் பழைய மராத்தி அறிவிப்புகள் அத்தகைய தனி எழுத்துரு ஒன்றில் எழுதப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எந்த மென்பொருளும் அவற்றைப் படித்துக் காட்டாது. பொதுக்குழுவுக்கு வேண்டிய அறிவிப்புகளை மட்டும் யூனிகோடில் மறுபடி தட்டெழுத அவருக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின.

இந்த எழுத்துருச் சிக்கலைத் தீர்த்ததில் அவர் வாழும் புனே நகருக்கே பங்குண்டு என்பது அவருக்குத் தெரியாது. நமக்கும் இக்கட்டுரைக்காகத் தேடியபோதுதான் முழுமையாக விளங்கியது. உயர்நிலைக் கணிப்பு மேம்பாட்டு மையமான சி-டாக் 1988இல் தொடங்கப்பட்டுப் புனேயைத் தலைமையிடமாகக் கொண்டது. பரம் 8000 மீக்கணினியை 1991இல் படைத்ததால் பெயர் பெற்றாலும், இந்திய மொழிகளைக் கணினியில் எழுதச் செய்யும் அதன் ஜிஸ்ட் தொழில்நுட்பமும் அதற்கிணையான புகழுடையது. 2005இல் மத்திய அரசு தமிழ் எழுத்துருக்களையும் தமிழில் இயங்கும் ஓப்பன் ஆபீஸ் தொகுப்பையும் ஒரே குறுந்தகட்டில் சேர்த்து மக்களுக்கு விலையின்றி வழங்கியபோது சி-டாக்கின் பணி அதில் இருந்தது.

இன்னொரு செய்தி இதனினும் சுவையானது. லினக்ஸ் கணினிகளில் தமிழ், மராத்தி உள்ளிட்ட மொழிகளுக்குப் பல ஆண்டுகள் இயல்பாக வந்த எழுத்துரு லோகித். ரெட் ஹேட் நிறுவனம் வெளியிட்ட இந்த எழுத்துருக் குடும்பத்தை முதலில் வரைந்து வழங்கியது ஸ்ரீலிபி மென்பொருளால் அறியப்பட்ட புனேயின் மாடுலர் இன்ஃபோடெக். தொடர்ந்து செம்மைப்படுத்தியதில் ரெட் ஹேட்டின் புனே அலுவலகப் பொறியாளர்களுக்குப் பெரும் பங்குண்டு. 2011இல் எவரும் தடையின்றிப் பயன்படுத்தும் திறந்த எழுத்துரு உரிமத்துக்கு லோகித் மாறியது. லோகித் என்றால் வடமொழியில் சிவப்பு. நிறுவனத்தின் பெயருக்குப் பொருத்தமாகத்தான் வைத்திருக்கின்றனர். மராத்தி மண்ணில் தமிழ் எழுத்துக்கு ஒரு பட்டறை இருந்திருக்கிறது!

புனேயில் எழுதப்பட்ட இன்னொரு மென்பொருளை நம் வாசகர் பலர் அறியாமலே பயன்படுத்தியிருப்பர். மதுரையிலோ சேலத்திலோ நிலத் தகராறு ஒன்று உரிமையியல் நீதிமன்றத்தில் இருந்து, அடுத்த வாய்தா எப்போது எனக் கைப்பேசியில் 16 இலக்கக் குறியெண்ணை இட்டுப் பார்த்திருப்பீர்களானால், அதன் பின்னணியில் இயங்குவது சி.ஐ.எஸ். எனப்படும் வழக்குத் தகவல் முறைமை. உச்ச நீதிமன்றத்தின் மின்னணுக் குழுவுக்காகத் தேசிய தகவலியல் மையத்தின் புனே பிரிவு உருவாக்கியது அது. முழுக்கத் திறந்த மூல மென்பொருள்களின் மீது அமைந்தது. மின் நீதிமன்றத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் நாடு முழுவதும் 18,735 மாவட்ட, சார்நிலை நீதிமன்றங்கள் கணினிமயமாயின. நீதிபதிகளின் மடிக்கணினிகளில் உபுண்டு லினக்ஸ் ஏற்றப்பட்டு, அதில் பணிபுரிய அவர்களுக்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டது.

இத்திட்டத்தின் அமைப்பு முறையில் ஒரு நுட்பம் உள்ளது. நாடு முழுதும் பொதுவான மையப்பகுதியைப் புனே எழுதும். ஒவ்வோர் உயர் நீதிமன்றமும் தன் மாநில வழக்கத்துக்கு ஏற்ற புறப்பகுதியைத் தானே சேர்த்துக்கொள்ளும். ஒரு மாநிலத்தில் மனுவுக்கு ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர். படிவம் வேறு, மொழி வேறு. மூல நிரலும் அதனைத் திருத்தும் உரிமையும் நம் கையில் இருக்கும்போது இப்படிப் பிரித்தாள்வது எளிதாகிறது. பொருளாளர் சில ஆயிரம் ரூபாயை எண்ணிக் கவலைப்பட்டார்; நீதித்துறையின் அளவுக்குச் செல்லும்போது அக்கவலை நாட்டின் கருவூலத்தின் கவலையாகிவிடுகிறது. கேரளத்தின் பள்ளிகளில் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளில் நடப்பதும் இக்கணக்கினாலும்தான்.

இனி, வாடிக்கையாளருக்கு உடனே உதவும் செய்திகள். லிப்ரே ஆபீஸை அதன் அறக்கட்டளையின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டுமே தரவிறக்கம் செய்ய வேண்டும். தேடுபொறியில் முதலில் தோன்றும் விளம்பர இணைப்புகளை அழுத்த வேண்டாம். அதே பெயரில் போலித் தளங்கள் இருக்கக்கூடும். செயலிக் கடைகளில் சிறு கட்டணத்துக்கு விற்கப்படுவதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. கடைவழிப் புதுப்பிப்பின் வசதிக்காகப் பெறும் தொகை அது. நிறுவிய பின் பட்டிகள் தமிழில் வேண்டுமெனில் அமைப்புகளில் தமிழைத் தேர்ந்துகொள்ளலாம். தமிழாக்கத்தில் சில சொற்கள் முதலில் புரியாமல் போகலாம். ஆங்கிலப் பட்டிக்குத் திரும்பவும் தடையில்லை.

நம் வங்கியின் இணையச் சேவையில் கணக்கு அறிக்கையை விரிதாளாகவோ, காற்புள்ளியால் பிரித்த சி.எஸ்.வி. கோப்பாகவோ பெறலாம். இங்கே ஒரு வேண்டுகோள். பி.டி.எஃப். அறிக்கையை விரிதாளாக மாற்றித் தருவதாகச் சொல்லும் இணையத்தளங்களில் தயவுசெய்து அதனை ஏற்றாதீர்கள். உங்கள் ஓராண்டு வரவு செலவு முழுவதையும் அறிமுகமில்லாத ஒருவரிடம் கொடுப்பதாகும் அது. சி.எஸ்.வி. கோப்பைக் கால்க் நிரலில் நேராகத் திறந்தாலே போதும்.

திறக்கும்போது ஒரு சாளரம் தோன்றிச் சில கேள்விகள் கேட்கும். பலர் படிக்காமலே சரி என்று அழுத்திவிடுகின்றனர். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. 03-04 என்ற தேதி நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கில் மார்ச் 4. கீழேயுள்ள மாதிரிக் கட்டத்தில் தேதி வரிசையின் தலைப்பை அழுத்தி, நாள்-மாதம்-ஆண்டு என்ற வகையைத் தேர்ந்தால் இந்தத் தவறு நேராது. அடுத்து, கணக்கு எண், பரிவர்த்தனைக் குறிப்பெண் உள்ள வரிசைகளை ‘டெக்ஸ்ட்’ எனக் குறித்துவிட வேண்டும். எண் என்று விட்டுவிட்டால் முன்னால் உள்ள சுழியங்கள் மறைந்துவிடும். 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணின் இறுதி இலக்கங்கள் சிதைந்துவிடவும் கூடும். கட்டண மென்பொருளிலும் இதே குறை உண்டு. அப்படிச் சிதைந்த கணக்கு எண்ணை நகலெடுத்துப் பணம் அனுப்பினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கால்க் நிரலின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறோம். 25 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், ஆண்டு வட்டி 9 விழுக்காடு, தவணை 240 மாதம் என்று கொள்வோம். பி.எம்.டி. என்ற சார்பில் மாத வட்டி, தவணை எண்ணிக்கை, கடன் தொகை ஆகிய மூன்றையும் இட்டால் மாதத் தவணை 22,493 ரூபாய் எனக் காட்டும். இதனை எல்லா வங்கிகளின் தளங்களிலும் பார்க்கலாம். ஆனால் மாதந்தோறும் 2,000 ரூபாய் கூடுதலாகச் செலுத்தினால்? என்.பெர். என்ற சார்பு விடை சொல்லும்: கடன் ஏறத்தாழ 194 மாதங்களில் தீர்ந்துவிடும். 46 மாதங்கள் குறைவு; வட்டியில் சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் மிச்சம். வட்டி விகிதம் மாறினால் ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் போதும், முழுக் கணக்கும் உடனே மாறிவிடும். கடன் வழங்கும் நாமே இதனைச் சொல்வது வியப்பாக இருக்கலாம். தம் கடனைத் தாமே கணக்கிடத் தெரிந்தவர் தவணை தவறுவது அரிது என்பது நம் அனுபவம்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. பொருளாளர் இடறிய இரண்டாவது இடம் மேக்ரோ. முந்தைய பொருளாளர் தம் பதிவேட்டில் ஒரு பொத்தான் அமைத்திருந்தார். அதனை அழுத்தினால் 48 ரசீதுகளும் அச்சாகும். மைக்ரோசாஃப்ட் எக்செலுக்கென எழுதிய அத்தகைய சிறு நிரல்களுள் சில லிப்ரே ஆபீஸில் இயங்கும், பல இயங்கா. இது இயங்கவில்லை. மாணவி அதற்கு மாற்றாக, ரசீதின் வாசகத்தை ரைட்டரில் ஒருமுறை எழுதி, பெயர், வீட்டு எண், தொகை ஆகியவற்றைப் பதிவேட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ளுமாறு அஞ்சல் ஒன்றிணைப்பு முறையில் அமைத்துக் கொடுத்தார். வேலை முடிந்தது, பழைய பொத்தானின் எளிமை வரவில்லை.

சரக்கு, சேவை வரித் தளம் வழங்கும் இணையமில்லா நிலைக் கருவி மைக்ரோசாஃப்ட் எக்செலையே எதிர்பார்க்கிறது. பெரிய நிறுவனங்கள் தம் முகவர்களுக்கு அனுப்பும் பூட்டிய படிவங்களும் அவ்வாறே. இத்தகைய தேவையுள்ள கடைக்காரர் எல்லாக் கணினிகளிலும் கட்டண மென்பொருளை நீக்கிவிட வேண்டியதில்லை. ஒரு கணினியில் முறையான உரிமத்துடன் அதனை வைத்துக்கொண்டு, ஏனைய கணினிகளில் லிப்ரே ஆபீஸை வைத்துக்கொள்வதே நடைமுறை அறிவு. வெளியாருக்கு அனுப்பும் கடிதத்தைத் திருத்த வேண்டியதில்லை எனில் பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள், வரிகள் இடம் பெயரா. திருத்த வேண்டியிருந்தால் அவர்கள் பயன்படுத்தும் டாக்எக்ஸ் வடிவிலேயே சேமித்து அனுப்பலாம். எளிய கடிதங்களில் வேறுபாடு தெரிவதில்லை, அட்டவணைகளும் படங்களும் மிகுந்த அறிக்கைகளில் தெரியும்.

மாற்றத்தில் பின்வாங்கியவர்களும் உளர். ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி பல ஆண்டு உழைப்பில் ஆயிரக்கணக்கான கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமோ 2024இல் சுமார் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றுவதாக அறிவித்தது. பிரான்சின் ஜெண்டார்மெரி காவல்படை 2005இல் ஓப்பன் ஆபீஸில் தொடங்கி, ஊழியர் பழகிய பின்னரே லினக்ஸுக்குச் சென்றது. நமக்கு அந்தக் காவல்படையின் வரிசை பிடிக்கிறது. விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு அலுவலக மென்பொருளை மட்டும் முதலில் மாற்றுங்கள். பழையதும் புதியதும் ஒரே கணினியில் ஒரு மாதம் சேர்ந்திருக்கலாம்; ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை.

கணக்கேடுகளுக்குக் கடவுச்சொல் இடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. லிப்ரே ஆபீஸில் கடவுச்சொல்லுடன் சேமித்த கோப்பு வலுவான மறையாக்கம் பெறுகிறது. கடவுச்சொல்லை மறந்துவிட்டால் மீட்டுத் தர வாடிக்கையாளர் சேவை மையம் எதுவும் இல்லை. எழுதிய நிரலாளராலும் இயலாது.

கட்கிச் சங்கத்தின் பொதுக்குழு செப்டம்பர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கூடியது. அறிவிப்பு மராத்தியிலும் தமிழிலும் யூனிகோடில் அச்சாகிப் படிக்கட்டின் அருகே ஒட்டப்பட்டிருந்தது. பதிவேட்டின் ஓ.டி.எஸ். கோப்பையும் அதன் பி.டி.எஃப். நகலையும் இரண்டு பென் டிரைவ்களில் பதிந்து, ஒன்றைத் தம்மிடமும் ஒன்றைச் செயலாளரிடமும் பொருளாளர் வைத்துள்ளார். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, அரக்கு முத்திரையிட்ட உறையில் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கிறார். காசோலைப் புத்தகத்தை மட்டும் அன்று வாங்க மறந்துபோனவர், அடுத்த வாரம் வந்து பெற்றுச் சென்றார்.